பகுதிநேர ஆய்வு என்றால் அரைகுறை ஆய்வா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரக் கல்வி இணைப்பில் டிரோன் துறை வேலைவாய்ப்பு பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். சம்பளம், பயிற்சி என்று எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசிக்கு முந்தின பத்தியில், வேலையில் இருந்துகொண்டே பிஎச்.டி. செய்கிறவர்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளத்தான் சேருகிறார்கள், அவர்களிடம் ஆழமான ஆய்வை எதிர்பார்க்க முடியாது என்று போகிற போக்கில் ஒரு வரி. இத்தனை வருடமாக வாங்கும் பத்திரிகையில் இதைப் படிக்க நேர்ந்தது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

நான் பயிருக்கு மருந்து தெளிக்கும் டிரோன் தயாரிக்கும் நிறுவனத்தில் பொறியாளர். பகுதிநேர ஆய்வு மாணவியும்கூட. என் ஆய்வுத் தலைப்பே வேலையில் கிடைத்ததுதான். 10 லிட்டர் டேங்கை நிரப்பிக் கிளம்பும்போது டிரோனின் எடை 25 கிலோவை நெருங்கும். தெளித்து முடித்து இறங்கும்போது அதில் சுமார் 10 கிலோ குறைந்திருக்கும். தொல்லை டேங்க் பாதி காலியானதும் ஆரம்பிக்கும். வரப்பு வந்ததும் டிரோன் வேகத்தைக் குறைக்கும். உள்ளே இருக்கும் மருந்து முன்பக்கம் மோதும், மூக்கு தாழும். டிரோனைச் சமநிலையில் வைக்கும் கருவியான ஃப்ளைட் கன்ட்ரோலர் அதைச் சரிசெய்யப் போய்ப் பின்பக்கம் சாய்த்துவிடும். அந்த ஓரத்தில் ஒரு இடத்தில் மருந்து அதிகமாக விழும், பக்கத்துப் பயிரில் படவே படாது. டேங்குக்குள் தடுப்புத் தகடு வைத்தால் அலை அடங்கும். ஆனால் எடை கூடும், இடுக்குகளில் தங்கும் மருந்தைக் கழுவி எடுப்பதும் சிரமம். களைக்கொல்லி கொஞ்சம் தங்கினாலும் அடுத்த வயலுக்கு ஆபத்து. அதனால் கன்ட்ரோலரே அலையை முன்கூட்டிக் கணித்து நிதானிக்க வழி தேடுகிறேன். மதுராந்தகம் பக்கம் ஒரு நெல்வயல் வரப்பில் உட்கார்ந்து பறத்தல் பதிவான லாக் ஃபைலைத் திறந்தபோதுதான், திரையில் முன்பின் சாய்வைக் காட்டும் பிட்ச் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குவதை முதலில் பார்த்தேன். வேலையில் இல்லாவிட்டால் இந்தப் பிரச்சினை என் கண்ணிலேயே பட்டிருக்காது. ஆழம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார் கட்டுரையாளர்?

சோதனைக்குப் பறக்க விடுவது என்ன பாடு என்று தங்களுக்குத் தெரியாததல்ல. 2021 டிரோன் விதிகள் ஆராய்ச்சிக்கு நல்ல சலுகை கொடுத்திருக்கின்றன. முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில், நம் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் பறக்கவிட, டிரோன் மாதிரிக்கான வகைச் சான்றிதழும் வேண்டாம், பைலட் உரிமமும் வேண்டாம். ஆனால் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் பச்சை மண்டலமே கிடையாது. பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் படிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? விடியுமுன் வண்டியில் பேட்டரிகளை ஏற்றிக்கொண்டு ஊர் தாண்டிப் போக வேண்டும், வெயில் ஏறினால் காற்றும் ஏறிவிடும். அப்புறம் திரும்பி வந்து அலுவலகத்தில் வருகைப் பதிவு. இதைப் பட்டத்து ஆசைக்காக யாரும் செய்ய மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பகுதிநேர ஆய்வாளருக்கு நிறுவனம் தரும் தடையின்மைச் சான்றிதழில் என்ன இருக்க வேண்டும் என்று 2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது. ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்று இருக்க வேண்டும். தேவைப்பட்டால் ஆய்வுக்கு முந்தைய பாட வகுப்புகளான கோர்ஸ் ஒர்க்கை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த கடிதத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்ற ஒரு வரிதான். கோர்ஸ் ஒர்க் முழுக்க என் சொந்த விடுப்பில் போனது. ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் முழுநேர ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் உண்டு. எங்களுக்கு இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை, கட்டணத்தைச் சம்பளத்திலிருந்து கட்டுகிறோம். கல்லூரியில் கட்டுரை வெளியிடு என்கிறார்கள். அலுவலகத்தில் டேட்டா வெளியே போகக் கூடாது என்கிறார்கள். இரண்டு பக்கமும் கெஞ்சி, நிறுவனத்தின் நேரடி எண்கள் தெரியாதபடி விகிதங்களாக மாற்றி, அனுமதி வாங்கி ஒரு வரைபடத்தை வெளியிடுவதற்குள் உயிர் போய்விடுகிறது. பல்கலைக்கழகத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் யார் பேச வேண்டும் என்று ஒரு கட்டுரையாவது தங்கள் பத்திரிகையில் வந்திருக்கிறதா?

மகளிர் குழுக்களுக்கு 15,000 டிரோன் வழங்கும் மத்திய அரசின் திட்டத்தைப் பற்றி எத்தனை வண்ணப் படங்கள் போட்டீர்கள்! மகிழ்ச்சிதான். ரிமோட்டைப் பிடித்து வரப்பில் நிற்கும் அந்தப் பெண்ணின் டிரோன் ஓரத்தில் தடுமாறாமல் இருக்க யாரோ ராத்திரி கண்விழிக்கிறார்கள் என்று ஒரு படத்தின் கீழாவது எழுதியிருக்கலாம். இதைப் பற்றி முன்பும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. சரி, இடம் இருந்திருக்காது என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பகுதிநேர பிஎச்.டி. சேர்க்கை அறிவிப்புகள் தங்கள் கல்விப் பக்கத்தில் பல நேரம் கடைசித் தேதி நெருங்கிய பிறகுதான் வருகின்றன. நிறுவனத்தில் கடிதம் கேட்டு, அது மேலே போய்க் கையெழுத்தாகி வரவே வாரக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வந்ததும் வெளியிடுங்கள், கூடவே அந்தச் சான்றிதழில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் ஒரு பெட்டியில் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
கூடுவாஞ்சேரி.
(வேலையில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)