சனிக்கிழமைக் காலைகளைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாக நான் எழுதும் கடிதங்கள் பரீட்சை அட்டவணை, சீருடை, விடுமுறை என்று அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இது கொஞ்சம் நீளமானது. மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை உங்கள் பிள்ளையை ஊருக்கான பொதுவேலைக்கு விடும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். பிள்ளையும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் பாடசாலையில் தரம் 4இல் ஒரு பிள்ளை படிக்கிறாள். பெயர் வேண்டாம். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதாமல், பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதுகிறாள் என்று வகுப்பாசிரியர் பலமுறை சொன்னார். ஒருநாள் நான் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, தன் வேலையைத் தானே செய்யப் பழக வேண்டும் என்று கண்டித்தேன். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

சில வாரங்களுக்குப் பிறகு லயன்ஸ் கழகம் என்ற பொதுச்சேவை அமைப்பின் எங்கள் ஊர்க் கிளையினர் பாடசாலை மண்டபத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். ஆறு மீற்றர் தூரத்தில் எழுத்து அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மூடி வாசிக்கச் சொல்வார்கள். இந்தப் பிள்ளைக்கு உச்சியில் இருந்த பெரிய எழுத்தைத் தவிர மற்ற எதுவும் தெரியவில்லை. “கரும்பலகை தெரியவில்லை என்று ஏனம்மா சொல்லவில்லை?” என்று கேட்டேன். “எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் எண்டு நினைச்சன் சேர்” என்றாள். அந்தப் பதிலை நினைத்து அன்றிரவு வெகுநேரம் நித்திரை வரவில்லை.

மூக்குக்கண்ணாடி வந்த நாள் அவள் வகுப்புச் சுவரில் இருக்கும் சரஸ்வதி படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ரீச்சர், இதில அன்னமும் இருக்கா?” என்று கேட்டாளாம். வருடம் முழுக்க அந்தப் படத்துக்கு முன்னால் கைகூப்பித் தேவாரம் பாடிய பிள்ளை அவள். நான் அவளைக் கூப்பிட்டு, முன்பு கண்டித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன்.

அன்று எங்கள் பாடசாலையில் மட்டும் பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கண்ணாடி தேவை என்று தெரியவந்தது. அவர்களில் பலருடைய பெற்றோருக்கு இது புதுச் செய்தி. பிள்ளை தொலைக்காட்சிக்கு மிகக் கிட்டப் போய் இருப்பது, வாசிக்கும்போது கண்ணைச் சுருக்குவது, தலையைச் சரித்துப் பார்ப்பது, அடிக்கடி தலையிடி என்று சொல்வது, இவற்றை ‘பழக்கம்’ என்று விட்டுவிடாதீர்கள். தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும் குறும்பார்வை என்றால் கண்ணாடியோடு சரி. ஆனால் சில பிள்ளைகளுக்கு ஒரு கண் நன்றாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும். அப்போது மூளை மங்கலான கண்ணைக் கணக்கில் எடுக்காமலே பழகிவிடும். இதைச் சோம்பற்கண் என்கிறார்கள். ஏழு, எட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாக்கலாம்; பிந்தினால் கடினம். ஆகவே தரம் 1, 2 பிள்ளைகளின் பெற்றோர் அடுத்த முகாமைத் தவறவிட வேண்டாம். இன்னொன்று: பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது குறும்பார்வை வராமல் தடுக்க உதவுகிறது என்று கண் வைத்தியர்கள் சொல்கிறார்கள். பின்னேரத்தில் வளவுக்குள் ஓடி விளையாட விடுங்கள்.

கண்ணாடி கொடுக்கும் நாளில் புகைப்படம் எடுக்க வேண்டாம் என்று கழகத்தாரிடம் நான் கேட்டேன். உதவி பெறும் பிள்ளையைப் பதாகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து பேஸ்புக்கில் போடும் வழக்கம் எங்கள் பகுதியில் பெருகிவிட்டது. அந்தப் படத்தை நாளைக்கு வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள், சொந்தக்காரர் பார்ப்பார்கள்; பிள்ளையின் மனதில் அது தங்கிவிடும். கழகத் தலைவர் உடனே ஒத்துக்கொண்டார். வந்தார்கள், கொடுத்தார்கள், போனார்கள். அந்தப் பண்புக்காகவே நான் அவர்களோடு தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன்.

லயன்ஸ் கழகம் கண்ணில் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்த இயக்கம் 1917இல் அமெரிக்காவின் சிக்காகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதி வணிகரின் முயற்சியால் தொடங்கியது. 1925இல் அவர்களுடைய மாநாட்டில், கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லர் பேசினார். இருளுக்கு எதிரான போராட்டத்தில் பார்வையற்றோருக்காக நிற்கும் வீரர்களாக நீங்கள் வரமாட்டீர்களா என்று அவர் கேட்டார். அன்று ஏற்றுக்கொண்ட பொறுப்பைத்தான் நூறு வருடங்களாக ஊர் ஊராகச் செய்துவருகிறார்கள்.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், எங்களுக்கு எதற்கு?” என்று ஒரு தகப்பனார் என்னிடம் நேரிலேயே கேட்டார். அவருடைய கேள்வியை நான் மதிக்கிறேன். பெயரும் சின்னமும் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, பொதுக்காரியத்துக்குக் கொடுத்த அம்மம்மாமார் இருந்த ஊர் இது. பிடியரிசி என்ற சொல் இன்றும் எங்களிடம் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வீதியோரம் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். செல்வச்சந்நிதி முருகனுக்கே அன்னதானக் கந்தன் என்றுதான் பெயர். ஒழுங்கை முனைகளில் இருக்கும் சனசமூக நிலையங்களில் பேப்பர் வாசித்துப் படித்தவர்கள் எத்தனை பேர். மறுபக்கமாகவும் பாருங்கள்: 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு எங்கள் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். நல்ல வேலை எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இந்த மண் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருக்கிறது.

சரி, எங்கள் பிள்ளைகள் செய்யும் வேலைக்கு வருகிறேன்.

லயன்ஸ் கழகத்தின் இளையோர் பிரிவுதான் லியோ கழகம். 12 வயது நிறைந்த பிள்ளைகள் சேரலாம். இதுவும் 1957இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிறந்தது. தலைமைத்துவம், அனுபவம், வாய்ப்பு என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்ததே அந்தப் பெயர். கழக வருடம் ஜூலையில் தொடங்கும். ஆகவே புதிய பொறுப்பாளர்கள் இப்போதுதான் வேலைக்குப் பழகி வருகிறார்கள்.

கண் முகாமன்று பெரியவர்களையும் பார்த்தார்கள். வெண்படலம் படர்ந்த கண்ணோடு வருடக்கணக்காக இருந்தவர்கள் வந்தார்கள். லியோ பிள்ளைகள் அவர்களைக் கையைப் பிடித்து ஒவ்வொரு கதிரையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள், படிவம் நிரப்பினார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர்களில் தரம் 10 மாணவன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன். கணிதப் புள்ளிக்காக அவனுடைய அம்மா என்னிடம் கண்ணீர் விட்டிருக்கிறார். அன்று ஒரு வயோதிபர் கண் சத்திரசிகிச்சை என்றதும் பயந்து எழும்பிப் போகப் பார்த்தார். இவன் பக்கத்தில் இருந்து, “ஐயா, மங்கின வில்லையை எடுத்துவிட்டுப் புது வில்லை வைப்பினம், பிறகு பேப்பர் வாசிக்கலாம்” என்று மெல்ல மெல்ல விளங்கப்படுத்தி அவரை இருத்திவிட்டான். தான் விஞ்ஞானப் பாடத்தில் படித்ததை இன்னொரு மனிதருக்குப் பயன்படும்படி சொன்னான். அவனுக்குள் இப்படி ஒரு ஆற்றல் இருப்பது பத்து வருடமாக அவனைப் பார்த்துவரும் எங்களுக்குத் தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது.

இதனால்தான் சனிக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. லியோ கழகத்தில் பெயர் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் வேலை நடக்கும் நாளில் வருவதில்லை. காரணம் கேட்டால் ரியூசன். உங்கள் பயம் எனக்குத் தெரியும். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று பிள்ளைக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனை நிற்கிறது. தோட்டம் செய்தும் கடலுக்குப் போயும் கூலிக்குப் போயும் ரியூசன் காசு கட்டுகிறீர்கள். ஒரு வகுப்புத் தவறினாலும் மனம் பதறும். ஆனாலும் கிழமையில் ஏழு நாளும் விடிய எழும்பிப் புத்தகப்பையோடு ஓடும் பிள்ளைக்கு, தன்னைத் தவிர இன்னொருவரைப் பற்றி நினைக்க எப்போது நேரம் கிடைக்கும்? நான் கேட்பது மாதத்தில் ஒரேயொரு சனிக்கிழமைக் காலை. எங்கள் ஊரில் தனியார் கல்வி நிலையம் நடத்தும் இருவரோடு பேசினேன். ஒருவர் அன்றைய வகுப்பைப் பின்னேரத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார், அவருக்கு நன்றி. மற்றவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோராகிய நீங்களும் கேட்டால் அவருக்கும் இலகுவாக இருக்கும்.

அடுத்த வேலை பனங்கொட்டை நடுவது. மாரி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்ட பனைகளின் இடம் இன்னும் பல இடங்களில் வெறுமையாகக் கிடக்கிறது. எங்கள் குளக்கட்டும் அப்படித்தான். பனையைக் கன்றாக வளர்த்துப் பிடுங்கி நடுவது கடினம். கொட்டையிலிருந்து வரும் முளை முதலில் நிலத்துக்குள் ஆழமாக இறங்கி, கிழங்கு வைத்து, அதன் பிறகுதான் ஓலை மேலே வரும். ஆகவே மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே கொட்டையைப் புதைக்க வேண்டும். எங்கள் பிள்ளை ஒருவருடைய தாத்தா, ஐம்பது வருடம் பனையேறிக் கள்ளுச் சீவும் தொழில் செய்தவர், இதையெல்லாம் போன வருடம் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தார். நட்டது ஆண்பனையா பெண்பனையா என்பது பாளை வரும்வரை தெரியாது என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் நம்பவே இல்லை. பாளை வர எத்தனை வருடம் என்று ஒருத்தி கேட்டாள். பன்னிரண்டு, பதினைந்து, அதற்கு மேலும் ஆகலாம் என்றார். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்ப நான் ரீச்சரா வந்திருப்பன்” என்றாள்.

ஊரவரிடம் ஒரு வேண்டுகோள்: குளக்கட்டில் முளைப்பதைக் கிழங்குக்காகக் கிண்டாதீர்கள். ஆடு மாட்டைக் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் கட்டாதீர்கள். போன வருடம் முளைத்த கன்றுகளில் நிறைய அப்படித்தான் போயின.

மழை தொடங்கினால் டெங்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு வந்து சொன்ன ஒரு விடயத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஒரு கிழமையோ பத்து நாளோ போதும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை செய்ய வேண்டும். கூரைப் பீலி, இளநீர்க் கோம்பை, பூச்சாடித் தட்டு. லியோ பிள்ளைகள் உங்கள் படலைக்கு வந்தால் உள்ளே விடுங்கள்.

பெரியவர்களுக்கான வேலையும் ஒன்று உண்டு. லயன்ஸ் கழகமும் எங்கள் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்து மண்டபத்தில் இரத்ததான முகாம் வைக்கிறார்கள். 18 முதல் 60 வயது வரையான, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, ஆரோக்கியமான எவரும் கொடுக்கலாம். ஏற்கெனவே கொடுத்தவர்கள் என்றால் நான்கு மாதம் கடந்திருக்க வேண்டும். எங்கள் நாட்டில் இரத்தத்தை விலைக்கு வாங்குவதில்லை, யாராவது மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே இரத்த வங்கி ஒருமுறை நிரம்பினால் போதும் என்று இருக்க இயலாது. காலையில் வெறும் வயிற்றோடு வராமல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தாய்மாரும் வரலாம்; போன முறை வந்தவர்களில் ஆண்களே அதிகம்.

காசு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைகளுக்காக எந்தப் பிள்ளையிடமும் ஒரு ரூபாயும் வாங்கமாட்டோம். யாராவது கேட்டால் எனக்கு அறிவியுங்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் கண்ணாடிச் செலவைப் பொறுப்பேற்க முன்வந்திருக்கிறார்கள். அது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்குத்தான் வரும், பற்றுச்சீட்டு கொடுக்கப்படும், கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும்.

கடிதத்தோடு ஒரு சம்மதப் படிவம் இருக்கிறது. தரம் 8க்கு மேல் உள்ள பிள்ளைகள் கையொப்பம் வாங்கி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும். விருப்பமில்லை என்றால் அதையும் எழுதி அனுப்புங்கள், காரணத்தோடு. நான் வாசிப்பேன். தேவைப்பட்டால் வீட்டுக்கு வந்து பேசுவேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பாடசாலை வாசலில் நிற்பேன். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பழைய சேட் ஒன்று போதும். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். வளவில் பனங்கொட்டை கிடந்தால் உரப்பையில் போட்டு அனுப்புங்கள். முளை வெளியே வந்திருந்தால் உடையாமல் பார்த்து அடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அதிபர்