நிலக்கோட்டைக்கு, வெம் ஊரிலிருந்து

வெம், ஷ்ராப்ஷயர், இங்கிலாந்து
ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும் நலமா? உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தவளைத் திட்டாமல், "போட்டோவில் உன் பின்னால் வேலி கொள்ளாமல் பூத்திருக்கிறதே, அது என்ன கொடி, என்ன பக்குவம்?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கே முதலில் பதில்.

பெயர் ஸ்வீட் பீ. பட்டாணிக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் காயும் விதையும் வாயில் வைக்கக்கூடாது. முன்பு விற்கத் தடை போட்டார்களே கேசரிப் பருப்பு, அந்த இனத்துக் கொடி. 1699-இல் சிசிலித் தீவிலிருந்து குபானி என்ற துறவி இங்கிலாந்துக்கு விதை அனுப்பியிருக்கிறார். அப்போது பூ சிறிசு, மணம் மட்டும் தூக்கல். ரகத்தோடு ரகம் கலந்து அதைப் பெரிய பூவாக்கிய ஹென்றி எக்ஃபோர்ட் 1888-இல் குடிவந்தது இந்த வெம் ஊருக்குத்தான். நம் பக்கம் மல்லிகை மாதிரி, இங்கே ஸ்வீட் பீ பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது.

விதை போட இரண்டு பருவம். மார்ச்சில் போட்டாலும் வரும். ஆனால் அக்டோபரில் போட்டதுதான் வேர் பிடித்து முந்திப் பூக்கும். வேர் ஆழமாக இறங்கும், கலைத்தால் பிடிக்காது. அதனால் அகலத் தொட்டி வேண்டாம், குறுகி உயரமாக இருக்க வேண்டும். டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழாய் போதும், அப்படியே மண்ணில் வைத்துவிடலாம். குழாய்க்கு இரண்டு விதை, ஒரு செ.மீ. ஆழம். ஊறவைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், பாதி அழுகிவிடும். தோல் கெட்டியான கறுப்பு விதையை மட்டும், அதன் கண்ணுக்கு (காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு) எதிர்ப்புறம் லேசாகக் கீறிவிட்டால் சரி. 15 டிகிரி இருந்தால் பத்துப் பதினாலு நாளில் முளை வரும். அதுவரை மேலே வலையோ கண்ணாடியோ மூடி வைக்கணும், இல்லையென்றால் எலி ஒவ்வொரு விதையாகத் தோண்டித் தின்றுவிடும்.

முளைத்ததும் சூட்டிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். வெதுவெதுப்பில் வைத்தால் வெளிறி நெட்டுயரமாகப் போய்ச் சாய்ந்துவிடும். என் அறையில் நான் ஹீட்டர் போடுவதில்லை, எனக்குச் சூடு ஒத்துக்கொள்வதில்லை. கன்றுகளுக்கும் அதுவே வசதியாகப் போயிற்று. பனியை நன்றாகத் தாங்கும், மைனஸ் 5 வரைகூட. தண்ணீர் தேங்கினால்தான் சாகும். இரண்டு மூன்று ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளணும். கிள்ளாத கன்று ஒற்றைத் தண்டாகவே ஓடும், கிள்ளினால் அடியிலிருந்து பக்கக் கிளை நாலு வரும். நீங்கள் கவாத்துப் பண்ணும்போது அம்மாவுக்கு மனசு கேட்காதே, எனக்கும் அதே கதைதான்.

மார்ச் கடைசியில், இல்லை ஏப்ரலில் நடவு. நல்ல வெயில் விழும் இடம். மண்வெட்டி ஆழத்துக்குத் தோண்டி, நன்றாக மக்கிய எரு அடியில் போடணும். யூரியா கூடவே கூடாது. தழைச்சத்தை வேர் முடிச்சிலேயே தயாரித்துக்கொள்கிற செடி. மேலும் போட்டால் இலைதான், பூ கிடையாது. கன்றுக்குக் கன்று 20 செ.மீ., ஆறேழு அடி மூங்கில். கொடி பற்றி ஏறும் சுருள் மெலிசு, தடித்த கம்பைப் பிடிக்காது. கயிறோ வலையோ கட்டிவிட்டு, முதல் ஒரு அடிக்கு நாமே தூக்கிக் கட்டிவிடணும். இளங்கன்றுக்கு ஓடில்லாத நத்தைதான் எமன். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதை விட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தா பூக்காட்சிக்கு வளர்க்கிறவர். அவர் முறை வேறு. கம்புக்கு ஒரே தண்டு. பக்கக் கிளை, சுருள் எல்லாவற்றையும் நகம் வெட்டும் கத்திரியால் நறுக்கிவிட்டு வளையம் போட்டுக் கட்டுகிறார். சக்தியெல்லாம் பூவுக்குப் போய், காம்பு ஒரு முழத்துக்கு நீள்கிறது. கொடி உச்சிக்குப் போனதும் அவிழ்த்து, தரையோடு படுக்கவைத்து, தள்ளி வேறொரு கம்பில் ஏற்றுகிறார். என்னோடு மண்ணைப் பற்றி மட்டும்தான் பேசுவார். மார்ச்சில் "நட்டாச்சா?", ஜூனில் "மொட்டு உதிருதா?", அவ்வளவுதான். 1911-இல் டெய்லி மெயில் பத்திரிகை இந்தப் பூவுக்கு 1000 பவுண்டு பரிசு வைத்து, அதை ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியாரின் மனைவி வாங்கினாராம். அதை மட்டும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்.

மொட்டு உதிர்வது இங்கே எல்லோருக்கும் தலைவலி. பகலில் வெயில், இரவில் குளிர் என்று மாறி மாறி அடித்தாலோ, தண்ணீர் அதிகமானாலோ, மொட்டு மஞ்சளாகி விழும். நோய் இல்லை, மருந்து அடிக்க வேண்டாம். வானிலை சீரானால் தானே நிற்கும். மொட்டு வைத்ததும் தக்காளிக்கு ஊற்றும் சாம்பல்சத்து உரம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. அசுவினிப் பூச்சி வந்தால் உடனே நசுக்கணும், வைரஸைக் கொண்டுவருவது அதுதான். வேர் காய்ந்தால் சாம்பல் நோய் வரும். ஜூலையில் கடுகு போன்ற ஒரு எண்ணெய்ப் பயிரின் வயலிலிருந்து குட்டிக் கறுப்பு வண்டு வந்து பூவுக்குள் புகுந்துகொள்ளும். வெட்டிய பூவை இருட்டுக் கொட்டகையில் வைத்து ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விட்டால் எல்லாம் அந்தப் பக்கம் பறந்துவிடும்.

எடுப்புதான் முக்கியம். ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில், அடிப்பூ விரிந்து நுனி மொட்டாக இருக்கும்போது காம்போடு வெட்டணும். ஒரு காய் பிடிக்க விட்டாலும் கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெட்ட வெட்ட ஆகஸ்ட் வரை தரும். ஜாதியில் மட்டுகானா நல்ல மணம், கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது. ஸ்பென்சர் வகை பெரிசு, ஓரம் சுருக்கு வைத்தது. சரியான மஞ்சள் மட்டும் இன்றுவரை யாருக்கும் வரவில்லை.

கட்டலாமா என்று அம்மா கேட்பாள். கட்ட முடியாது அம்மா, இதழ் நசுங்கிவிடும், தண்ணீரில் வைத்தால் நாலைந்து நாள் இருக்கும். வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டாமா, வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கே கொண்டுபோய்விடுகிறேன். மணம் நல்ல மணம்தான். ஆனால் எனக்கு வேண்டியிருப்பது பூ மணமே இல்லை அப்பா. விடிகாலையில் நீங்கள் மார்க்கெட்டுக்குக் கட்டும் அந்த ஈரச்சாக்கு வாசனை. அது எந்தக் கடையிலும் இல்லை. போகட்டும்.

ஓவர்டைம் இப்போது இல்லை, ஓய்வு கிடைக்கிறது, நல்லதுதான். இந்த மாதப் பணம் 20-ஆம் தேதிக்கு மேல்தான் வரும். கொஞ்சம் குறைவாக இருந்தால் கவலைப்படாதீர்கள், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். மோட்டார் காயில் கட்டும் செலவை அதுவரை மாமாவிடம் வாங்கிச் சமாளியுங்கள். கண் ஆபரேஷனை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். சின்னவளுக்கு வந்திருக்கும் வத்தலக்குண்டு ஜாதகம் பற்றி எழுதவே இல்லையே? அவர்கள் நகை கேட்டால் என் வளையல் நாலும் பீரோவில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நான் இங்கே போடுவதில்லை.

சித்தப்பா பாகப்பிரிவினைக்கு அவசரப்படுத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கிணற்றுப் பங்கும் வண்டிப்பாதையும் பத்திரத்தில் தனியாக எழுதாமல் கையெழுத்துப் போட வேண்டாம். வாய்ப்பேச்சு வேண்டவே வேண்டாம், சித்தியும் கூட இருக்கட்டும். சர்வேயர் கல் ஊன்றிய அன்றைக்கே தம்பியை நாலு மூலையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெரியவள்