முதல் கைத்துப்பாக்கி வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

டெக்சாஸில் குடியேறிய நம்மவர்கள் சிலர் முதல் கைத்துப்பாக்கி வாங்கும்போது விலையை மட்டுமே பார்க்கிறார்கள். என்னிடம் இருப்பதும் விலை குறைந்த ஹை-பாயின்ட் சி9 தான். துப்பாக்கி வாங்குவோர் கடையில் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் கையில் கொடுத்துவிட்டார்கள். தோட்டா அளவு 9 மி.மீ., 8 தோட்டா பிடிக்கும், ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) நல்ல கனம் என்பதால் இடுப்பில் செருகிக்கொள்ளத் தோதுப்படாது, வீட்டுக்குச் சரி. ஆனால் அப்புறம் ஆகும் செலவைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்: பயிற்சித் தோட்டா, காதுக் கவசம், எல்லாவற்றுக்கும் முன்னால் பூட்டுப் பெட்டி. தோட்டாக்களை அடுக்கும் கூடான மேகசினைக் கழற்றினாலே துப்பாக்கி காலி என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறையில்) ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம், பல மாடல்களில் அது அப்போதும் வெடிக்கும். மேகசினைக் கழற்றிய பிறகு ஸ்லைடை இழுத்து, உள்ளே கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெட்டிக்குக் காசு பற்றவில்லை என்றால் துப்பாக்கியைத் தள்ளிப்போடுங்கள்.

— ஒரு வாசகர், ஹூஸ்டன்