கனமான மௌத்பீஸ்: தம்பிக்கு ஒரு கடிதம்

தம்பி,

டியூபாவில் உதடு வைத்து ஊதும் மௌத்பீஸை மாற்றியவன், பழையதற்கே திரும்பிவிட்டாயாம். சரிதான். ஆனால் "கனமானதற்கு மாற்றியதே தப்பு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாயே, அது பாதிதான் சரி. மாற்றச் சொன்னது நான்; அதை மறைக்கவில்லை. யார் யார் முன்னால் என்ன பேச்சு நடந்தது என்பதை மட்டும் இங்கே எழுதமாட்டேன். மற்றவர்களும் படிப்பார்கள்.

கனமானதை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மிக உரக்க ஊதும் ஃபார்ட்டிஸிமோ வந்தாலே உன் கீழ் சுரங்கள் கரகரத்து உடைந்தன. உதடு படும் கோப்பைக்கு வெளியே உலோகம் கூடினால் மௌத்பீஸ் அவ்வளவாக அதிராது, சுரம் அசையாமல் உட்காரும். உட்கார்ந்ததா இல்லையா? ஆனால் அந்த அதிர்வுதான் உதட்டுக்குச் சேதி சொல்வது. அது குறைந்தால் சத்தம் போதவில்லை என்று தோன்றி இன்னும் முட்டி ஊதுவாய். இந்தப் பாதியை நான் சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் கச்சேரி, நியூ வேர்ல்ட் சிம்பனி. 1893-இல் அதை எழுதிய ட்வோர்ஷாக் டியூபாவுக்குக் கொடுத்தது இரண்டாம் பாகத்தில் மட்டும், மொத்தமே 14 சுரம். முதல் பாகம் முழுக்க வாத்தியத்தை மடியில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தாய். மௌத்பீஸ் செருகியபடியே ஆறிக் கிடந்தது. கனம் கூடினால் மறுபடி சூடேற நேரமாகும். லார்கோ என்ற அந்த இரண்டாம் பாகத்தின் முதல் கார்டு, எல்லாரும் சேர்ந்து தொடங்குவது; பியானிஸிமோ, மிக மெல்ல. பாஸ் டிராம்போனின் சுரம் வந்துவிட்டது. உன்னிடமிருந்து முதலில் வெறும் காற்று, அப்புறம்தான் சுரம். உன் காது மடல் சிவந்து போயிற்று. நீ யாரையும் பார்க்கவில்லை.

'கழற்றிக் கையில் பொத்தி வைத்துக்கொள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது என் தப்பு. நாக்கை விட்டுவிட்டு வெறும் மூச்சால் சுரம் தொடங்கித் தினமும் பத்துத் தடவை பழகு என்றும் சொன்னேனே, அதை ஒருநாளாவது செய்தாயா?

நாம் ஒப்பிட்ட லட்சணமே கோணல். உன் பழைய பாக் 18-இலிருந்து (பாக் கம்பெனியின் 18-ஆம் எண் மௌத்பீஸ்) நேரே வேறொரு கம்பெனியின் கனமானதற்குத் தாவினோம். கோப்பையின் ஆழம், விளிம்பு, தொண்டைத் துளை எல்லாமே வேறு. ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இவைதான், எடை அப்புறம். பாக்கின் மெகாடோன் வரிசையில் அதே 18 கனமான உடம்போடு வருகிறது, அதை எடுத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு ஷேங்க், வாத்தியத்துக்குள் செருகும் அந்தக் காம்பு! அது போய் உட்காரும் குழாயான உன் லீட்பைப் அமெரிக்க அளவு, வந்ததோ தடித்த யூரோ ஷேங்க். ஏறத்தாழ ஓர் அங்குலம் உள்ளே போகவேண்டியது பாதியிலேயே நின்றது. உள்ளே விழுந்த இடைவெளியில் சுரம் நிற்கும் பிடிப்பும் தளர்ந்திருக்கும். பழி எடைக்குப் போனது, எனக்கும்.

இனி ஒப்பிட்டால் உள்ளளவு ஒன்றாக, வெளி எடை மட்டும் வேறாக இருக்கட்டும். இரண்டையும் கையில் சூடாக்கு. வேறொருவர் மாற்றி மாற்றிச் செருகட்டும், நீ கண்ணை மூடிக்கொள். ரெக்கார்டரை 30 அடி தள்ளி வை. வாத்தியத்தின் விரிந்த வாயான பெல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பதை நம்பாதே. கீழே ஒரு பியானிஸிமோ தொடக்கம், நடுவில் வெட்டி வெட்டி ஊதும் ஸ்டக்காட்டோ, கடைசியில் நீண்ட ஃபார்ட்டிஸிமோ. பதிவில் வித்தியாசம் தெரியாமல் வாசிக்கும்போது மட்டும் தெரிந்தால் அதையும் தள்ளிவிடாதே. நாள் முழுக்க அதை வைத்து ஊதப்போவது நீதான்.

கனமானதை விற்காதே, எனக்கு அனுப்பு. ஷேங்கை லேத்தில் கடைந்து அமெரிக்க அளவுக்குக் கொண்டுவரலாம், கூலி என்னுடையது. உன் 18-ஐச் செருகி, லீட்பைப்பின் வாய் முட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அதையும் கூடவே அனுப்பு. அளவெடுத்ததும் திருப்பித் தருகிறேன், ஒரு வாரம்கூட ஆகாது.

அண்ணன்