விதி தெரிந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

தகவல் சரியாக இருந்தால் முடிவும் சரியாகிவிடும் என்கிறது பகுத்தறிவு பற்றிய உங்கள் கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. விதிகளைக் கரைத்துக் குடித்த மருத்துவரோ நீதிபதியோகூட எதிரில் வரும் ஒருவருக்கு அவற்றைப் பொருத்தும்போது தடுமாறலாம் என்று 1781-லேயே எழுதினார் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட். எந்த இடத்துக்கு எந்த விதி என்று சொல்ல இன்னொரு விதி வைத்தால், அதைப் பயன்படுத்தவும் ஒன்று வேண்டுமே!

1960-இல் உளவியலாளர் பீட்டர் வேசன் செய்த சோதனையைப் பாருங்கள். 2, 4, 6 என்ற எண்களுக்குப் பின்னால் உள்ள விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். விருப்பம்போல் மூன்று எண்களைச் சொல்லிப் பார்க்கலாம். பலரும் 8, 10, 12 போன்றவற்றையே சொன்னார்கள். பொருந்துகிறது என்றதும், இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் விதி வெறும் ஏறுவரிசை, அவ்வளவுதான். 1, 2, 3 என்று ஒருமுறை சொல்லியிருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். படித்தவர்களுக்கே தங்கள் ஊகத்தை உடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

தேர்வுகளில், 'எதைக் கண்டால் உன் விடை தவறு என்று ஒப்புக்கொள்வாய்?' என்று ஒரு கேள்வியாவது கேட்கலாமே.

- ஒரு வாசகர்