ஆடி முதல் வெள்ளியிலிருந்து எண்ணு

பாளையங்கோட்டை
30.8.2025

அன்புள்ள வாயாடிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் ஏழு நிமிடத்தையும் கேட்டேன். நைட் டியூட்டியில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டிவைத்து, இரண்டு தடவை. நானும் பதிலைப் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் போன் பாதி நேரம் உன் மகள் கையில் இருக்கிறது என்று நீதானே சொன்னாய்? அதனால்தான் உன் கம்பெனி முகவரிக்கு இந்தக் கடிதம். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

முதலில் ஊர்ச் செய்தி. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சதுர்த்திக்கு கொழுக்கட்டைச் சொப்பைத் தன் கையாலேயே பிடித்தாள். என்னை மறுபடியும் பிரசவ வார்டுக்கே மாற்றிவிட்டார்கள். சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

"மாசம் நின்னுபோற வயசுன்னு நெனச்சேன்டி, கார்டுல ரெண்டு கோடு விழுந்திருச்சு" என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்பத்திரண்டில் கரு நிற்பது ஊரில் நடக்காத காரியமா? பத்து வருடம் வைத்திருந்த காப்பர் டி-யை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக எதுவும் செய்யாமல் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறாய். வெட்கப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது? உன் வீட்டுக்காரர் மட்டும் நிமிர்ந்துதானே நடக்கிறார்!

"நாள் தள்ளி ரெண்டு வாரம்தான், ரெண்டு வாரக் கருதானே" என்றாய். அந்தக் கணக்கு தப்பு. கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்ட மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆடி முதல் வெள்ளியன்று காலையில் வந்துவிட்டதால் கோயிலுக்குப் போக முடியவில்லை என்று புலம்பினாயே, அது ஜூலை 18. இன்றைக்கு 43 நாள், ஆறு வாரம் தாண்டிவிட்டது. கருவைக் கலைப்பதென்றால், இந்தியாவில் மாத்திரை முறைக்கு ஒன்பது வாரம், அதாவது 63 நாள் வரை அனுமதி. உனக்கு அது செப்டம்பர் 19. அவசரமில்லை, அதற்காக நவராத்திரி கழியட்டும் என்று இருந்துவிடவும் முடியாது. அதற்குப் பிறகு வழியே இல்லை என்று பயப்படாதே. உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறது, சட்டமும் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும் என்கிறது. தள்ளிப்போடப் போட சிரமம் கூடும், அவ்வளவுதான்.

"போலீஸ் கேஸ் ஆகுமாடி?" என்று கேட்டாய். ஆகாது. நாம் பிறப்பதற்கு முன்பே, 1971லேயே சட்டம் வந்துவிட்டது. கருத்தடை தவறி நின்ற கரு என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. முன்பு திருமணமான பெண்ணுக்கு மட்டும் என்று இருந்ததை 2021இல் திருத்தி, "பெண்ணோ அவள் துணையோ" என்று மாற்றினார்கள். உன் பெயரை வெளியே சொன்னால் சொன்னவருக்குத் தண்டனையும் உண்டு.

கணவர் கையெழுத்து வேண்டுமா என்றும் கேட்டாய். இந்த இடத்தில் நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதினேழு வருடமாக யாருக்கும் சொல்லாதது.

2008. பெரியவனுக்கு எட்டு மாதம். இவர் குவைத்திலிருந்து இரண்டு மாத லீவில் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். எனக்கு நாள் தள்ளிவிட்டது. நான் வேலை பார்க்கும் இடத்தில் கேட்க வெட்கப்பட்டு, வேறு ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா படிவத்தை என் பக்கம் திருப்பி, கணவர் கையெழுத்து என்ற கோட்டில் பேனா முனையால் தட்டினாள். ஊரில் இல்லை என்றேன். "அப்போ மாமனாரைக் கூட்டிட்டு வா" என்றாள். நான் ஒரு நர்ஸ், வாய் திறக்கவில்லை. கடைசியில் அண்ணனைக் கூட்டிப்போய், எதற்கு என்று அவனுக்கும் தெரியாமல் கையெழுத்து வாங்கினேன். அந்த அலைச்சலில் மூன்று வாரம் போய்விட்டது. மாத்திரைக்கான நாள் கடந்து, சுத்தம் செய்துதான் எடுத்தார்கள். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று சட்டம் அன்றைக்கும் அப்படியேதான் இருந்தது. ஐந்து மாத்திரையும் ஒரே அட்டையில் வருகிற பாக்கெட்டுக்கு இங்கே அனுமதி கிடைத்ததும் அதே வருட டிசம்பரில்தான். என் நேரத்தைப் பார்.

ஆகவே, கையெழுத்து உன்னுடையது மட்டும். வீட்டுக்காரரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டால்தான் என்று யாராவது கொக்கி போட்டால், அப்படி ஒரு விதி கிடையாது என்று சொல்.

பக்கத்து மெஷின் அக்கா மெடிக்கலில் வாங்கித் தருகிறேன் என்றாளாமே, வேண்டாம்டி. மாத்திரை கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. 2015இல் நம் நாட்டில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் ஒரு கோடியே 56 லட்சம், அதில் நூற்றுக்கு 73 ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். என் வார்டுக்கு வருவது மீதிப் பேர். போன வருடம் விடிகாலை மூன்று மணிக்கு ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கடையில் வாங்கிப் போட்டிருக்கிறாள், உதிரமும் பட்டிருக்கிறது, சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டாள். கரு குழாயில் இருந்தது. குழாயில் இருக்கும் கருவை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. பிழைத்துவிட்டாள். ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் முன்னாடியே தெரிந்திருக்கும்.

அதனால் முதலில் ஸ்கேன், ரத்தப் பிரிவு, ரத்த அளவு. போன கேம்பில் உனக்கு எட்டரை என்றார்கள் அல்லவா? எட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வீட்டில் மாத்திரை என்ற பேச்சே வேண்டாம். சின்னவள் சிசேரியன் என்பது இந்த நாள் கணக்கில் தடையில்லை. ஸ்டீராய்டோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடு. ஐ-பில் பற்றிக் கேட்டாய், அது வேறு. 72 மணி நேரத்துக்குள் போட்டு, கரு நிற்காமல் பார்த்துக்கொள்வதற்கு. நின்ற கருவிடம் அது பலிக்காது. பப்பாளியும் எள்ளுருண்டையும் வயிற்றுக்கு நல்லது, சாப்பிடு.

எப்படி இருக்கும் என்றால், முதல் நாள் ஒரே மாத்திரை, மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம். அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்று இரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் நான்கு, நாக்குக்கு அடியிலோ கன்னத்திலோ டாக்டர் சொல்கிறபடி அடக்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது, அல்சருக்கென்று வந்த மாத்திரை. கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்ற எச்சரிக்கையைப் பார்த்து இதன் இன்னொரு குணத்தை முதலில் பிடித்தது பிரேசில் நாட்டுப் பெண்கள்தானாம். முதல் மாத்திரையோடு சேர்த்துப் பேசப்படும் பிரான்ஸ் விஞ்ஞானி பாலியூ இந்த மே மாதம்தான் 98 வயதில் காலமானார்.

நான்கு மாத்திரை வைத்த சில மணி நேரத்தில் வயிறு சுருட்டிப் பிடிக்கும். குளிர் நடுக்கம், பேதி வரலாம். மாதவிடாயைவிட அதிகமாகப் படும், கட்டிகளும் வரும். ஆறேழு வாரத்தில் நீ பயப்படுகிற மாதிரி கை கால் எதையும் பார்க்க மாட்டாய். வலிக்கு ஐபுப்ரோஃபென் கொடுப்பார்கள், வெந்நீர்ப் பை வைத்துக்கொள். அப்புறம் இரண்டு வாரம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டிருக்கும். பெரிய பேட் இரண்டு ஒரு மணி நேரத்தில் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால், தலை சுற்றி விழுந்தால், மறுநாளும் காய்ச்சல் விடாவிட்டால், நாற்றம் அடித்தால் 108-ஐக் கூப்பிடு. எனக்கு அப்புறம் சொல்லலாம். நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு முழுசாகப் போகாது, அதற்குத்தான் பதினைந்தாம் நாள் வரச் சொல்வார்கள். கார்டு போட்டுப் பார்த்துப் பதறாதே, மூன்று நான்கு வாரம்கூட இரண்டு கோடு காட்டும். ஆனால் அடுத்த கரு பத்தே நாளில்கூட நிற்கலாம், அதனால் கருத்தடைக்கு என்ன செய்வது என்பதையும் கேட்டுக்கொண்டு வா.

உன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். முதல் மாத்திரை வெள்ளி, மற்ற நான்கும் ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் கூலி போகாது. திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தெரிந்த முகம் யாராவது வருவார்கள் என்று கூச்சமாக இருந்தால் இங்கே வா.

இவ்வளவும் எழுதிவிட்டேன் என்பதற்காக நீ கலைக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பேச்சு நடுவில் "பையனா இருந்தா..." என்று இழுத்து நிறுத்தினாயே, அது என் காதில் விழுந்தது. வைத்துக்கொள்வதென்றால் நாற்பதுக்கு மேல் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு நாற்பதிலேயே ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று, அதற்குப் பரிசோதனை உண்டு. ஃபோலிக் ஆசிட்டை இன்றைக்கே ஆரம்பி, எந்த முடிவானாலும் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் யோசிப்பதெல்லாம் முதல் மாத்திரைக்கு முன்பே யோசித்துவிடு. போட்ட பிறகு நடுவில் மனசு மாறினால் சிக்கல். கரு கலையாமல் தங்கிவிட்டாலும் அந்த இரண்டாவது மாத்திரை குழந்தையைப் பாதிக்கலாம்.

பாவமா என்று கேட்டாய். 2008இல் பஸ்ஸில் திரும்பும்போது நான் அழுதேன். வீட்டுக்கு வந்து பெரியவனுக்குப் பால் கொடுத்துவிட்டு, அந்த மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கவும் செய்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புதன்கிழமை எனக்கு ஆஃப். வாய்ஸ் எதுவும் அனுப்பாதே. "மாவு ஆட்டியாச்சா" என்று மட்டும் ஒரு மெசேஜ் போடு, நீ கேன்டீனில் இருக்கும் நேரம் பார்த்து நான் கூப்பிடுகிறேன்.

உன்
ஒட்டடைக்குச்சி