கேசட்டும் துல்லியமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஒருவர், இசைத்தட்டிலும் கேசட்டிலும் இருந்த துல்லியம் சி.டி.யில்கூட வரவில்லை என்று உருகியிருந்தார். படித்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறீர்களா? குடியாத்தத்தில் கேசட் பதிந்து கொடுத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். அந்தத் துல்லியம் என் கடைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

நாடாவின் அகலமே 3.81 மில்லிமீட்டர். அதற்குள் ஸ்டீரியோவுக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து, நான்கு தடம். ஓடுவது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஸ்டூடியோ ஸ்பூல் டேப் 38 சென்டிமீட்டர் ஓடும். வேகம் குறைந்தால் முதலில் போவது ட்ரெபிள் என்கிற கூர்மையான மேல் ஒலி, மிஞ்சுவது 'உஸ்' என்கிற இரைச்சல். அதை அடக்கத்தானே டால்பி என்று தனியாக ஒரு பட்டன் வைத்தார்கள்? தங்களுக்குத் தெரியாததா! அவர் புகழ்ந்த இசைத்தட்டும் ஊசி நடுவட்டத்தை நெருங்க நெருங்கக் கரகரக்கும்.

இதற்கெல்லாம் திட்டு வாங்கியது யார்? நாங்கள். "பழைய கேசட்ல பதிஞ்சு ஏமாத்திட்டே" என்பார்கள். அவர்கள் வீட்டு டேப்பில் நாடாவைப் படிக்கிற ஹெட் மயிரிழை சாய்ந்திருக்கும், ஒலி மந்தமாகிவிடும். ஓரத்தில் இருக்கிற சின்னத் திருகைக் கொஞ்சம் திருப்பினால் சரி. யார் கேட்டார்கள்?

கூத்துப் பதிவு இன்னும் பாடு. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். 90 நிமிடக் கேசட்டை 45 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அந்த நேரம் பார்த்துத்தான் நல்ல நக்கலாக ஒன்று சொல்வான். 120 போட்டால் நாடா மெல்லிசு, உருளையில் சுற்றிக்கொள்ளும். நேரில் காதைத் துளைக்கிற முகவீணை என்ற சின்னக் குழல், கேசட்டில் அடுத்த தெருவில் ஊதுவதுபோல் இருக்கும்.

கூத்தைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதங்களை ஒன்றுகூடத் தாங்கள் போடவில்லை. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது பக்கம் பக்கமாக எழுதினீர்கள். போகட்டும், கூத்துக்காரனுக்கு எல்லையா, கோட்டையா!

போன வருடம் வேலூரில் ஒரு கடையில் என் கூத்துக் கேசட்டைக் கணினியில் ஏற்றக் கொடுத்தேன். இரைச்சலை எடுத்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். 'உஸ்' போயிருந்தது. மிச்சம் மீதி இருந்த முகவீணையும் கூடவே போயிருந்தது.

கேசட் வைத்திருக்கும் வாசகர்களுக்காக இரண்டு வரி போடுங்கள்: நகல் எடுக்கும் முன் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, திருகைச் சரிசெய்யச் சொல்லுங்கள், முதல் நகலில் இரைச்சலை நீக்க வேண்டாம். இடம் இல்லையென்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் கடைக்காரன்,
குடியாத்தம்